மண் பார்க்கிற முத்துக்கனி

வில்லுக்குறியில் பஸ்ஸை விட்டு இறங்கி முத்துக்கனி வீடு எது என்று கேட்டால், ஆளுக்கொரு முத்துக்கனியைக் காட்டுவார்கள். மண் பார்க்கிற முத்துக்கனி என்று சொல்லிவிட்டால் போதும், ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்புவார். "என்ன காணாமப் போச்சு?" என்று வழியில் கேட்டும் வைப்பார். ஆட்டோக்காரர்கள் அவளுக்கு முன்கூட்டியே போனில் துப்புக் கொடுக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அப்படி ஓர் ஒத்தாசை அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

காணாமல் போனது எங்கே இருக்கிறது என்று சொல்வது அவள் தொழில். கம்மல், தாலிச் சங்கிலி, வீட்டுப் பத்திரம், சினையாடு, சில சமயம் மனிதர்கள். கேட்டு வருகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண்ணும் கொண்டுவர வேண்டும். எந்த மண்ணும் ஆகாது. வீட்டு முன்வாசலில் கடைசிப் படி இறங்கி முதல் காலடி விழுகிற இடத்து மண். குளித்துவிட்டு, வலது கையால் அள்ளி, பொதிந்து கொண்டுவர வேண்டும். முத்துக்கனி அதை இசக்கியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் கொட்டுவாள். விரலால் பரப்புவாள், முகர்ந்து பார்ப்பாள், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். பிறகு பேச ஆரம்பித்தால், முதல் நாலு வார்த்தையிலேயே வந்தவர்கள் வாயைப் பிளந்துவிடுவார்கள்.

இதெல்லாம் அவள் புருஷன் பகவதியப்பன் செய்துவைத்த வேலை. அவன் கொத்தனார். கல்யாணமான புதிதில் ஒரு நாள், துணி துவைத்துக்கொண்டே, "இன்னைக்கு மணவாளக்குறிச்சிப் பக்கம் என்ன சோலி ஒங்களுக்கு?" என்று கேட்டாள். வேட்டி மடிப்பில் அந்தக் கடற்கரையின் கருமணல் மினுங்கிக்கொண்டிருந்தது. தக்கலையில் சுவர் பூசுவதாகச் சொல்லிவிட்டுக் கூட்டாளிகளோடு சீட்டு விளையாடப் போயிருந்தவனுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. இன்னொரு நாள் செம்மண்ணும் ரப்பர் பால் நாற்றமும். குலசேகரம் போனதைச் சொன்னாள். வேட்டியைப் பார்த்துச் சொல்கிறாள் என்று பாவம் அவனுக்குத் தோன்றவில்லை. பெண்டாட்டிக்கு அருள் இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். தான் பிடிபட்ட கதையை இத்தனை பெருமையாகச் சொல்லித் திரிந்த புருஷன் அந்தப் பகுதியில் வேறு யாரும் இல்லை.

அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக்காரி கம்மலைக் காணோம் என்று வந்து நின்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முத்துக்கனிக்கு அப்போது இருபத்தாறு வயசு. ஒருத்தி தன்னை நம்பி வாசலில் வந்து அழுவது அதுதான் முதல் தடவை. "ஒங்க வாசல் மண்ணு ஒரு பிடி கொண்டா," என்றாள். மண்ணில் தவிடும் கோழி எச்சமும் கிடந்தன. கோழிக்குத் தீவனம் எடுக்கிற இடத்தில் பார்க்கச் சொன்னாள். கம்மல் தவிட்டுப் பானைக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம். கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல் மண் கறுத்து விரலில் ஒட்டும். மேற்கே போகப் போகச் சிவந்து சரளையாகும். சிமெண்டுத் தூள் கிடந்தால் வீட்டில் வேலை நடக்கிறது, சாமான் இடம் மாறியிருக்கும். இலை மக்கிப்போய்க் கிடந்தால் முற்றம் அடிக்க ஆளில்லை, அல்லது அடிக்கிறவளுக்கு மனசு சரியில்லை. ஆரம்பத்தில் ஒரு தடவை திருடியது இன்னார் என்று வாய்விட்டுச் சொல்லி, அந்த வீட்டு வேலைக்காரப் பெண் அடிபட்டுவிட்டாள். அவள் எடுக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. முத்துக்கனி நாலு நாள் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. அன்றிலிருந்து யார் பெயரும் சொல்வதில்லை. "வீட்டுக்குள்ளதான் இருக்கு. மூணு நாளு யாரையும் ஒண்ணும் கேக்காதிய, தானா வரும்," என்பாள். எடுத்தவருக்குத் திருப்பி வைக்க அந்த மூன்று நாள் போதும். பெரும்பாலும் வந்துவிடும்.

இதில் அம்மன் எங்கே வருகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். முத்துக்கனியே கேட்டுக்கொண்டது உண்டு. மண்ணில் தவிடு கிடப்பதைக் கண் பார்க்கிறது. அதற்கும் வாயில் வார்த்தை வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டதில்லை. அந்தப் பிடிபடாத இடத்தில் அம்மனைக் கும்பிட்டு உட்காரவைத்திருந்தாள். பகவதியப்பன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டில் மருமகள் சஜிதா மட்டும். அவள் தக்கலையில் ஒரு லேபில் ரத்தம், மூத்திரம் பரிசோதிக்கிறவள். "மாமிக்கு மண்ணு, எனக்கு மூத்திரம். ரெண்டு பேருக்கும் ஒரே சோலிதான். நான் பேப்பர்ல எழுதிக் கொடுப்பேன், மாமி கண்ண மூடிட்டுச் சொல்லுவாவ," என்பாள். முத்துக்கனிக்கு இந்தக் கேலி பிடிக்கும்.

வருகிறவர்களில் நேசபாய் தனி. நெய்யூர்க்காரி. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர். மண் பார்க்கிற வீட்டுக்குப் போனாள் என்று தெரிந்தால் போதகர் முதல் பாடகர் குழு வரைக்கும் பேச்சாகிவிடும். அதனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி வெயிலில், குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவாள். மண்ணை ஒரு பிஸ்கட் கவரில் சுருட்டிக் கொண்டுவருவாள். பிஸ்கட் வாங்கிப் போகிற மாதிரி இருக்குமே என்றுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் ஜெப்சி, அண்ணன் சிஜினோடு பைக்கில் போகும்போது, கல் ஏற்றிவந்த ஒரு டிப்பர் இடித்து அந்த இடத்திலேயே போய்விட்டாள். சிஜினுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நேசபாய் மகனைப் பார்த்து, "அவளுக்குப் பதிலா நீ போயிருக்கப்பிடாதா?" என்று கேட்டாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். சிஜின் மறுநாள் விடியுமுன் போய்விட்டான். செல்போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

நாலு மாதம் கழித்து நேசபாய் முதல் தடவை வந்தாள். தட்டில் கொட்டிய மண்ணில் ஒன்றுமே இல்லை. அடித்துப் பெருக்கிச் சுத்தமான முற்றத்து மண். முத்துக்கனி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திடம் வேறு எதையும் சொல்ல ஒருத்திக்கும் மனசு வராது. "உயிரோட இருக்கான்க்கா. கெழக்க இருக்கான். தண்ணிக்குப் பக்கத்துல," என்றாள். கிழக்கு என்பது சும்மா வாயில் வந்தது. தண்ணீர் எந்த ஊரில்தான் இல்லை? நேசபாய் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் போன பிறகு முத்துக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதமும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாதமும்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் நேசபாயின் புருஷன் சுந்தரராஜ் வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'சார்', ஊர் வாயில் 'சாறு'. மண் கொண்டுவரவில்லை. உட்காரவும் இல்லை.

"அவ இங்க வாறது எனக்குத் தெரியும்," என்றார். "நான் ஒண்ணும் கேக்க வரல்ல. ஒண்ணு சொல்ல வந்தேன். பையன் இருக்கான்."

பழைய மாணவன் ஒருவன் பார்த்துத் தகவல் சொல்லியிருக்கிறான். தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறான் சிஜின். அவர் போய்ப் பார்த்தார். அப்பா காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். ஆனால், அம்மையிடம் சொன்னால் இந்த இடத்தையும் விட்டுப் போய்விடுவேன், பிறகு நீங்களும் என்னைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டான். அவர் கையைப் பைபிள்மேல் வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"வீட்டுல அவ அவனுக்க பேர எடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருதேன். அவ மொகத்தப் பாத்து எனக்குப் பொய் வராது. இப்ப அவளும் எங்கிட்டக் கேக்கது இல்ல. ஒங்கிட்டதான் கேக்கா. நீ இருக்கான்னு சொல்லிட்டே இரு. அவனுக்கு மனசு எளகுத வரைக்கும்," என்றார். வேறு யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று அவளிடமும் சத்தியம் வாங்கினார். அவள் இசக்கியம்மன் விளக்கை அணைத்துச் சத்தியம் செய்தாள்.

அவர் போன பிறகுதான் முத்துக்கனிக்கு உறைத்தது. தூத்துக்குடி. கிழக்கே, தண்ணிக்குப் பக்கத்தில். தான் சொன்ன பொய்யை அம்மன் நிஜமாக்கித் தந்துவிட்டாள் என்று படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அதற்கப்புறம் முதல் சனிக்கிழமைகளில் அவளுக்குப் பயமில்லை. "இருக்கான்க்கா," என்று அடித்துச் சொன்னாள். மாதா மாதம் சாறு தூத்துக்குடிக்குப் போவதும், முத்துக்கனிக்குப் போனில் இரண்டு வார்த்தை சொல்வதும், அதை இவள் மண்ணைக் கிளறிச் சொல்வதுமாக நாலு வருஷம் ஓடிவிட்டது. ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிற இரண்டு பேர், தங்கள் மகனைப் பற்றி வில்லுக்குறி வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் போன ஆவணியில் தேவகுமார் வந்து சேர்ந்தான். மோதிரத்தைக் காணோம் என்றான். முத்துக்கனி அவன் கொண்டுவந்த மண்ணை விரலால் ஒரு தரம்தான் தள்ளினாள்.

"இது மண்ணே இல்ல மக்கா. தேங்கா நார்த்தூளு. ஏதோ லாட்ஜ் வாசல்ல பூந்தொட்டியில அள்ளிட்டு வந்திருக்க. மோதிரமும் காணாமப் போகல்ல. என்ன சோதிக்கவா வந்த?"

அவன் வெட்கப்பட்டுச் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டான். சென்னையில் தொலைக்காட்சிக்குத் துப்பறியும் தொடர் எழுதுகிறவனாம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறதே, பெண் இன்ஸ்பெக்டர் கொலைகாரர்களைக் கண்டுபிடிக்கிற தொடர், அதுதான். சஜிதா ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பது. முத்துக்கனிக்குத் தலைகால் புரியவில்லை. படித்த பையன், அக்கா அக்கா என்கிறான், பூந்தொட்டியைக் கண்டுபிடித்ததற்கு அப்படி வியக்கிறான். முப்பத்திரண்டு வருஷத்தில், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. என்ன கண்டுபிடித்தாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். தொழில் தெரிந்த எவருக்கும் அந்த முதல் கேள்வியின் ருசி தெரியும். டீயும் ஏத்தங்காய் சிப்ஸும் வைத்து இரண்டு மணி நேரம் பேசினாள். தவிடு, சிமெண்டு, கருமணல், மூன்று நாள் கெடு, ஒன்று விடவில்லை. பெயர் சொல்லாமல் நேசபாயைப் பற்றியும் சொன்னாள். பின்வாசல், குடை, பிஸ்கட் கவர், மகன் உயிரோடு இருக்கிறான் என்று மாதா மாதம் சொல்வது. சாறுக்குச் செய்த சத்தியம் நினைவிருந்ததால் மற்றப் பாதியை மட்டும் விழுங்கிவிட்டாள். பாதிக் கதை முழுப் பொய்யாகிவிடும் என்று அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு எங்கே தோன்றப்போகிறது?

தேவகுமார் அவளுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவளாகத்தான் மனக்கோட்டை கட்டினாள். பட்டுச்சேலை கட்டிய ஒரு நடிகை ஒரு பிடி மண்ணை முகர்ந்து கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பாள், இன்ஸ்பெக்டர் கும்பிட்டு நிற்பாள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள்.

தை மாதம் மண் பார்க்கிறவள் கதை வருகிற அந்தச் சனிக்கிழமை வந்தது. முத்துக்கனி பாயசம் வைத்தாள். தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் மண்ணாத்தா என்று ஒருத்தி வந்தாள். தலைவிரி கோலம், நெற்றி முழுக்கக் குங்குமம், கண்ணில் கள்ளத்தனம். பெண் இன்ஸ்பெக்டர் அவள் தட்டிலிருந்த மண்ணை எடுத்து மேசையில் பரப்பினாள். "வைக்கோல் இருந்தா மாடு. சிமெண்ட் இருந்தா வீடு கட்டுறாங்க. இதுல தெய்வம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமி மறைத்தாள்.

சிரிப்போடு போயிருந்தால் முத்துக்கனியும் சிரித்திருப்பாள். அடுத்த காட்சியில் ஒரு தாய் குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். கையில் பிஸ்கட் கவர். மகன் உயிரோடு இருக்கிறான் என்று மண்ணாத்தா சொல்லச் சொல்ல அவள் அழுது கும்பிட்டாள். கடைசியில் மகன் காணாமல் போன அன்றைக்கே செத்துவிட்டான் என்றும், எலும்பு ஊர்க் கிணற்றில் கிடக்கிறது என்றும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் மண்ணாத்தாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "அவன் செத்தது உனக்குத் தெரியாது. இருக்கானான்னும் தெரியாது. ஒண்ணுமே தெரியாம ஒரு தாயை இத்தனை வருஷம் அலைய விட்டிருக்க," என்றாள். நல்ல வசனம். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

பெண்கள் பாயசத்தைக் குடித்தும் குடிக்காமலும் எழுந்து போனார்கள். சஜிதா டி.வி.யை அணைத்தாள். "அவளுக்கு நடிக்கவே தெரியல்ல மாமி. மண்ண அப்படியா மோந்து பாப்பாவ?" என்றாள். முத்துக்கனி தம்ளர்களைப் பொறுக்கியபடி, "அந்தக் கெணறு ஒண்ணுதான் ஏட்டி பொய்யி. மிச்சம் எல்லாம் நான் சொன்னதுதான்," என்றாள்.

தெருவில் கொஞ்ச நாள் கேலி நடந்தது. மளிகைக் கடையில், "எனக்க செருப்புல என்ன மண்ணு சொல்லுங்க பாப்போம்," என்று காலைத் தூக்கிக் காட்டினான் ஒருவன். வருகிறவர்களும் குறைந்தார்கள். அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மாசி மாதத்து முதல் சனிக்கிழமையைத்தான் நினைத்து நினைத்துக் கலங்கினாள். அன்றைக்கு மூன்று மணிக்குப் பின்வாசலில் ஸ்டூலைப் போட்டு வைத்தாள். மூன்றரை ஆயிற்று, நாலரை ஆயிற்று. நேசபாய் வரவில்லை.

புதன்கிழமை சாறு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் பத்து வயசு கூடியிருந்தது அவருக்கு.

"அவளும் அதப் பாத்தா," என்றார். "குடையப் பாத்ததும் அவளுக்கு மனசிலாயிற்று. ஒரு வார்த்த பேசல்ல. மறுநாளு போயி அவனுக்க போட்டோவ பெருசாக்கி, ஜெப்சி போட்டோ அளவுக்கே சட்டம் போட்டுட்டு வந்துட்டா. வாற ஞாயித்துக்கெழம ஜெப்சிக்கு நினைவு ஆராதன. அதுல அவன் பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லி போதகருகிட்டக் கேட்டிருக்கா."

முத்துக்கனி எழுந்து நின்றுவிட்டாள். "உயிரோட இருக்குத பிள்ளைக்கா?"

"மண்ணு பாக்கவ பொய்யின்னு ஆயிற்று. பொய்க்காரி இருக்கான்னு சொன்னா, அப்போ இல்லன்னுதான அர்த்தம்? அவ கணக்கு அப்படிப் போவுது." முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அந்தக் கணக்கைத் திருத்த முடியாமல் உட்கார்ந்திருந்தார். "நீ ஒருக்கா வந்து சொல்லு முத்துக்கனி. நிச்சயமா இருக்கான்னு சொல்லு."

"நான் சொன்னா இனி நம்புவாவளா சாறே? நீங்க சொல்லுங்க. இப்பமாவது சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சத்தியம் இருக்கிறது, பையன் வேறு எங்காவது போய்விடுவான் என்று முனகினார். அதெல்லாம் நிஜம்தான். நாலு வருஷம் மறைத்ததைப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை என்பது அதைவிட நிஜம். முத்துக்கனிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டி.வி.யில் அறை வாங்கியது நான், அடிக்க வேண்டியது இவரைத்தான் என்றுகூட நினைத்தாள். அவர் படியிறங்கிப் போகும்போது கால் தடுமாறுவதைப் பார்த்ததும் அந்தக் கோபமும் தணிந்துவிட்டது.

மூன்று நாள் யோசித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை உயிரோடு இருக்கிறவனுக்கு ஜெபம் பண்ணிவிடுவார்கள். மறுபடியும் மண்ணைக் கிளறி இருக்கான் என்று சொன்னால் அந்த அம்மாள் காறித் துப்புவாள். அவள் நம்பும்படி சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால் சாறுக்குச் செய்த சத்தியமும் போகும், திரும்பி வந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். சஜிதாவிடம் சொன்னாள். சஜிதா பித்தளைத் தட்டை ஒரு தரம் பார்த்தாள். "நான் சம்பாதிக்கேன் மாமி. ஒங்க மவனும் அனுப்புதாரு. போயிட்டு வாங்க," என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நெய்யூரில் போய் இறங்கினாள். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. முற்றத்தில் ஒரு சருகு கிடையாது. கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள், ஒரே அளவு, ஒரே மாதிரி மாலை. கீழே நின்று நேசபாய் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சாறு நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்திருந்தார். எதிர்வீட்டுப் பெண் மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டி, வந்திருப்பது யார் என்று பார்த்தாள்.

நேசபாய் திரும்பினாள். அதட்டவில்லை. "எதுக்கு வந்த? இனி எனக்கு ஒண்ணும் கேக்கதுக்கு இல்ல," என்றாள். "நான் ஒன்ன ஏசமாட்டேன் முத்துக்கனி. ஒரு ஆறுதலுக்குச் சொன்ன. நானும் கேட்டேன். ஜெபம் பண்ண வேண்டிய வாயால மண்ண நம்பினேன். எனக்கு இது வேணும்."

"அக்கா, அவன் இருக்கான்."

"போதும். போ."

"இருக்கான்க்கா. ஒருக்கா நான் சொல்லுததக் கேளுங்கோ."

"இன்னும் எத்தன வருசம் சொல்லுவ நீ? வெக்கமா இல்லியா ஒனக்கு?" நேசபாயின் குரல் உடைந்துவிட்டது.

முத்துக்கனி படியிலேயே நின்றாள். மதிலுக்கு மேலே நீட்டிய கழுத்து அவள் கண்ணில் பட்டது. இங்கே சொல்லப்போவது, தான் பஸ் ஏறுமுன் வில்லுக்குறி போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரியும். சத்தமாகவே சொன்னாள்.

"வெக்கமாத்தான் இருக்கு. எனக்கு அருளும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. டி.வி.யில காட்டினது நெசம். நீங்க மொதல்ல வந்தப்ப நான் சொன்னது பொய்யி. ஒங்க மொகத்தப் பாத்தேன், வாயில வந்ததச் சொன்னேன். அம்மன் ஒண்ணும் சொல்லல்ல. ஒரு வருசம் அப்படிப் பொய்தான் சொன்னேன். ஆனா அதுக்குப் பெறவு நாலு வருசமா நான் சொன்னதுல ஒண்ணுகூடப் பொய்யி இல்லக்கா. அதுவும் நான் மண்ணுல பாத்துச் சொன்னது இல்ல. எனக்கு வந்து சொன்னது இசக்கியம்மன் இல்ல. இந்தா இருக்காவளே, சாறு. இவியதான் சொன்னாவ."

பேப்பர் மெல்ல இறங்கியது. நேசபாய் முதலில் நம்பவில்லை. இன்னொரு பொய் என்றுதான் நினைத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷம் பார்த்த முகம். ஏதும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க?" என்றாள்.

"தூத்துக்குடி," என்றார் சாறு. "ஐஸ் கம்பெனியில. மாசத்துக்கு ஒருக்கா போறேன். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் நேசம். சொன்னா போயிருவேன்னான்."

நேசபாய்க்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், அவள் திரும்பி முத்துக்கனியைத்தான் பார்த்தாள். ஐந்து வருஷமாகப் பின்வாசலில் உட்கார்ந்து கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"மெலிஞ்சு போனானா?"

இப்படிக் கேட்டால் சொல்வதற்கு முத்துக்கனியிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருந்தது. நல்லா இருக்கான்க்கா, கன்னம் வச்சிருக்கு, நேரத்துக்குச் சாப்பிடுதான். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றாள். "நான் அவனப் பாத்ததே இல்ல."

முப்பத்திரண்டு வருஷத்தில் கேட்டு வந்தவர் ஒருவரிடமும் அவள் சொல்லாத வார்த்தை அது. சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன மன்னிச்சானா? நான் சொன்னதச் சொல்லி அழுவானா? என்னப் பத்தி ஏதாம் கேப்பானா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? சாறுகிட்டக் கேளுங்க."

நேசபாய் தரையில் இருந்தபடியே புருஷன் பக்கம் திரும்பினாள். ஐந்து வருஷமாக இந்த வீட்டில் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"அவன் என்னப் பத்திக் கேப்பானா?"

சுந்தரராஜ் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"போற தடவையெல்லாம் மொதக் கேள்வி அதுதான்," என்றார். "அம்மைக்கு ஒறக்கம் வருதான்னு கேப்பான்."